காய்ச்சல் எத்தனையாவது நாள்?

“காய்ச்சல் விட்டுருச்சு மிசி. ஆனா பிள்ளை மட்டும் துவண்டு துவண்டு விழுறான்.”

பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த பாட்டி இப்படித்தான் சொன்னார். ‘மிசி’ என்றால் தாதி, அதாவது நான். தாத்தா மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். பையனின் நெற்றியைத் தொட்டேன், சூடு இல்லை. உள்ளங்காலைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. “காய்ச்சல் என்னைக்கு ஆரம்பிச்சது பாட்டி?” என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்தபோதே உடம்பு கொதித்ததாம். அன்றைக்குச் செவ்வாய். வெள்ளியை முதல் நாள் என்று வைத்தால், அது ஐந்தாம் நாள். வீட்டில் எல்லாரும் ‘அப்பாடா’ என்று மூச்சு விட்ட அதே நாளில்தான் அந்தப் பிள்ளை ஆபத்தின் விளிம்பில் இருந்தான். டிங்கி, அதாவது டெங்குக் காய்ச்சல். ஆம்புலன்சில் ஏற்றி அனுப்பினோம். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்துவிட்டு நல்லபடியாகத் திரும்பினான்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள் நான். அம்மா விடியுமுன் பால்மரம் வெட்டப் போகும்போது என்னை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார். பிறகு நானே தாதியாகி, பக்கத்துக் கம்பங்களிலும் (கிராமங்களிலும்) தோட்டங்களிலும் பல ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றேன். இப்போது தோட்டத்து ஆஸ்பத்திரியும் இல்லை, ராத்திரி கதவைத் தட்டினால் எழுந்து வரும் டிரஸ்ஸரும் (மருத்துவ உதவியாளரும்) இல்லை. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை. சனங்கள் ஊர்ப்பக்கத்துக் குடியிருப்புகளான தாமான் வீடுகளுக்குக் குடிவந்துவிட்டார்கள். அப்பா அம்மா இருவரும் ஷிப்ட் வேலைக்குப் போக, பிள்ளையைப் பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

என்ன நோய் என்று வீட்டில் இருப்பவர்கள் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. அது டாக்டரின் வேலை, அவருக்கே சில சமயம் ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். வீட்டில் கண்டுபிடிக்க வேண்டியது வேறு: இந்தப் பிள்ளையை நாளை வரை வீட்டில் வைத்துப் பார்க்கலாமா, இப்போதே கிளம்ப வேண்டுமா? இதைச் சொல்லித் தரும் அடையாளங்களை மருத்துவத்தில் அபாயக் குறிகள் என்பார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் நான்கை முதலில் வைத்திருக்கிறது. பிள்ளையால் குடிக்கவோ தாய்ப்பால் சப்பவோ முடியவில்லை. எது கொடுத்தாலும் அத்தனையையும் வாந்தி எடுக்கிறது. வலிப்பு வந்தது. எழுப்பினாலும் சரியாக விழிக்காமல், கூப்பிட்டால் திரும்பாமல் மயங்கிக் கிடக்கிறது. இந்த நான்கில் ஒன்று இருந்தாலே போதும், காய்ச்சல் இருக்கிறதா இல்லையா என்று கூடப் பார்க்கத் தேவையில்லை. உடனே ஆஸ்பத்திரி. வண்டி இல்லையென்றால் ஆம்புலன்சுக்கு 999ஐக் கூப்பிடுங்கள்.

மற்றதெல்லாம் பெரும்பாலும் எண்ணிக்கைதான். மூச்சை எண்ணுவது, மூத்திரத்தை எண்ணுவது, நாளை எண்ணுவது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளும் இதை அருமையாகச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன்.

மூச்சில் தொடங்குவோம், ஏனென்றால் சளியோடு வரும் பிள்ளைகள்தான் அதிகம். மூக்கு ஒழுகுவதும் இருமுவதும் சாதாரணம். பாலர் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு வருடத்தில் ஏழெட்டு முறை சளி பிடிப்பது கூட நோய் எதிர்ப்புச் சக்தி குறைவு என்று அர்த்தமில்லை. பார்க்க வேண்டியது சளியின் நிறத்தை அல்ல, நெஞ்சை. பிள்ளை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும்போது, முடிந்தால் தூங்கும்போது, சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். வயிறு ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. கைப்பேசியில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் ஒரே சீராக மூச்சு விடுவதில்லை, அரை நிமிடக் கணக்கு ஏமாற்றிவிடும்.

இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேக மூச்சு. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50. ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டால் நிமோனியாவாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு அன்றைக்கே கிளினிக்குக்குப் போக வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்டது என்றால் கிளினிக்கைத் தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம்.

எண்ணிக்கையைவிட மோசமான அடையாளம் ஒன்று உண்டு. பிள்ளை மூச்சை உள்ளே இழுக்கும்போது, விலா எலும்புகளுக்குக் கீழே நெஞ்சு குழிந்து உள்வாங்கும். மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து சுருங்கும், ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல் கேட்கும். உதடு நீலம் பாரித்தால் அது கடைசி எச்சரிக்கை. இதில் எதைப் பார்த்தாலும் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது, கிளம்பிவிட வேண்டும்.

சட்டையைத் தூக்கிப் பார்க்காமல் இது எதுவும் தெரியாது. எங்கள் பக்கத்தில் சளி பிடித்த பிள்ளைக்கு மூன்று சட்டை போட்டு, தலையில் குல்லாயும் மாட்டிக் கொண்டுவருவார்கள். அன்புதான். ஆனால் பார்க்க வேண்டிய இடம் அத்தனையும் மூடிப்போகிறது.

விசில் அடிப்பது போல இழுப்போடு வரும் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். டாக்டர் பம்ப் (இன்ஹேலர்) எழுதிக் கொடுத்தால், “பம்ப் பழகிட்டா விடாது மிசி” என்று அதை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார்கள். பழகாது. சிரப்பாகக் கொடுத்தால் உடம்பெல்லாம் சுற்ற வேண்டிய மருந்து, பம்பில் கொஞ்சமாக நேரே நுரையீரலுக்குப் போகிறது, அவ்வளவுதான். சின்னப் பிள்ளைக்கு முகமூடி வைத்த குழாயோடு கொடுக்க வேண்டும். அந்தக் குழாய் இல்லாமல் வாயில் அடித்தால் பாதி மருந்து நாக்கிலேயே தங்கிவிடும். அப்புறம், குளிப்பாட்டி முடித்துச் சாம்பிராணி போடுவது, ராத்திரி முழுக்கக் கொசுவத்தி, அப்பாவின் சிகரெட்: இழுப்பு இருக்கும் வீட்டில் இந்த மூன்றும் வேண்டாம். 2015லும் 2019லும் புகைமூட்டம் வந்தபோது கிளினிக்கில் இழுப்புப் பிள்ளைகளின் வரிசை எப்படி நீண்டது என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குள் போடும் புகையும் புகைதான்.

இனி காய்ச்சல். புறங்கையால் தொட்டுப் பார்ப்பது போதாது. பார்மசியில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். 38 டிகிரியும் அதற்கு மேலும் காய்ச்சல். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 38 வந்தால் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்கும் வேலையே கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அந்த வயதில் ரத்தத்தில் கிருமி கலந்திருந்தாலும் காய்ச்சலைத் தவிர வேறு அடையாளம் வெளியே தெரியாமல் போகலாம்.

பெரிய பிள்ளைக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் பாராசிட்டமால் சிரப் நல்ல மருந்துதான். ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. நம் நாட்டில் அது இரண்டு வலுவில் விற்கிறது. ஒன்றில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், இன்னொன்றில் 5 மில்லிக்கு 250 மில்லிகிராம். பாட்டிலும் நிறமும் ஒன்றைப் போலவே இருக்கும். ஒரு தடவைக்குப் பிள்ளையின் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை கொடுக்கலாம். 10 கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம். முதல் பாட்டிலில் அது சுமார் 6 மில்லி, இரண்டாவதில் வெறும் 3 மில்லி. பெரியவனுக்கு வாங்கிய பாட்டிலில் இருந்து சின்னவளுக்கு வழக்கமான 6 மில்லியைக் கொடுத்தால் இரண்டு பங்கு மருந்து உள்ளே போய்விடும். ஈரலுக்கு அது கெடுதல். ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். சமையல் கரண்டியால் அளக்காதீர்கள், மருந்தோடு வரும் பீச்சுக்குழலோ அளவு மூடியோதான் அளவு. ஆசனவாயில் வைக்கும் மருந்தும் பெரும்பாலும் இதே பாராசிட்டமால்தான் என்பதால், இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுக்கக் கூடாது. காலையில் பாட்டி கொடுத்ததை மறந்துவிட்டு அம்மா வேலை முடிந்து வந்து மறுபடி கொடுப்பதுதான் நான் அடிக்கடி பார்த்த தவறு. கொடுத்த நேரத்தை எழுதி வைத்தால் இந்தக் குழப்பம் வராது. எங்கே எழுதுவது என்று பிறகு சொல்கிறேன்.

ஐஸ் தண்ணீரில் துடைக்காதீர்கள், கம்பளியாலும் மூடாதீர்கள். மெல்லிய சட்டை, குடிக்க நிறையத் தண்ணீர். மருந்து கொடுப்பதன் நோக்கம் பிள்ளை கொஞ்சம் சுகமாக இருந்து நாலு வாய் குடிப்பது. தெர்மாமீட்டரை 37க்கு இறக்கியே தீர வேண்டும் என்பதில்லை.

காய்ச்சலில் வலிப்பு வந்தால் பெற்றவள் பதறிப்போவாள். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை சில பிள்ளைகளுக்கு இது வரும், பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானே நிற்கும். தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். வாயில் கரண்டி வேண்டாம், விரல் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதாலும் ஒன்றும் நடக்காது. அந்த நேரத்தில் செய்ய வேண்டிய ஒரே வேலை கடிகாரத்தைப் பார்ப்பது. ஐந்து நிமிடம் தாண்டினால் 999. நின்றுவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட வேண்டும்.

டிங்கிக்கு வருவோம். நாள் எண்ண வேண்டும் என்று நான் வற்புறுத்துவது முக்கியமாக இதற்காகத்தான். முதல் இரண்டு மூன்று நாள் காய்ச்சல் அனலாக அடிக்கும். உடம்பு வலி, கண்ணுக்குப் பின்னால் வலி, சாப்பாடு பிடிக்காது. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும். பல பிள்ளைகள் அதோடு தேறிவிடுவார்கள். சிலருக்கு மட்டும் அந்த நேரத்தில் ரத்தக் குழாய்களில் இருந்து நீர் கசிந்து வெளியேற ஆரம்பிக்கும். ரத்தம் கெட்டியாகி, ஓட்டம் குறைந்து, கைகால் குளிர்ந்துவிடும். இந்தக் கண்டம் ஒன்று இரண்டு நாள் நீடிக்கும். அதைத் தாண்டும் வரை பிள்ளையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. விடாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பு மலம், காரணமில்லாத எரிச்சல் அல்லது துவண்டு கிடப்பது, மூத்திரம் குறைவது: காய்ச்சல் இறங்கும்போது இவை வந்தால் பொழுது விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

டிங்கிக்கு வாய்ப்புள்ள காய்ச்சலில் பாராசிட்டமாலைத் தவிர வேறு காய்ச்சல் மருந்து கொடுக்கக் கூடாது. இபுபுரோபென், ஆஸ்பிரின் இரண்டும் ரத்தக்கசிவை அதிகமாக்கும். பப்பாளி இலைச் சாற்றை எங்கள் பக்கத்தில் எல்லாரும் பேசுகிறார்கள். அதை நம்பி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்ட வீடுகளை நான் பார்த்ததால்தான் சொல்கிறேன்: சாறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூன்றாம் நாள் கிளினிக்கில் இருங்கள். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான், அதாவது ஒரு ரிங்கிட். அங்கே டாக்டரிடம் இரண்டு விஷயத்தை அவர் கேட்காமலேயே சொல்லுங்கள். உங்கள் வரிசையில் வேறு யாருக்காவது டிங்கி வந்ததா? கடந்த சில வாரங்களில் பிள்ளை ஆற்றிலோ வெள்ளம் தேங்கிய கால்வாயிலோ விளையாடினானா? இரண்டாவதை ஏன் கேட்கிறேன் என்றால், எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் இருந்து வரும் காய்ச்சலும் தொடக்கத்தில் டிங்கியைப் போலவே இருக்கும். அதற்கு மருந்து வேறு.

வயிற்றுப்போக்கில் எண்ண வேண்டியது மூத்திரம். எத்தனை தடவை வெளியே போனான் என்று எல்லாரும் சரியாகச் சொல்வார்கள், எத்தனை தடவை மூத்திரம் பெய்தான் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஆறு மணி நேரமாக பெம்பர்ஸ் நனையவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, வாய் உலர்ந்திருக்கிறது, கண் உள்ளே போய்விட்டது, கைக்குழந்தைக்கு உச்சிக்குழி பள்ளமாகிவிட்டது என்றால் உடம்பில் தண்ணீர் இல்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே பழையபடி போக வேண்டும். மடிப்பு அப்படியே நின்று மெதுவாக இறங்கினால் நிலைமை மோசம்.

ஓஆர்எஸ் பொடி, அதாவது தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கலவை, ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு பொட்டலமாவது இருக்கட்டும். நம் கிளினிக்குகளில் கொடுப்பது பெரும்பாலும் 250 மில்லி தண்ணீருக்கு ஒரு பொட்டலம். வேறு நிறுவனத்துப் பொட்டலம் ஒரு லிட்டருக்கு இருக்கலாம், எனவே பின்புறத்தைப் படித்துவிட்டுக் கலக்குங்கள். கெட்டியாகக் கலக்கினால் சீக்கிரம் குணமாகும் என்று நினைத்து அரை கிளாசில் ஒரு பொட்டலம் போடுவது ஆபத்து, உப்பு கூடிப்போகும். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு தடவை வெளியே போன பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட வயதுக்கு 100 முதல் 200 மில்லி. பாட்டிலில் மடமடவென்று கொடுத்தால் வாந்தி எடுக்கும். ஸ்பூனில், நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி இன்னும் மெதுவாக. ஒரு நாள் தாண்டிய கலவையைக் கொட்டிவிடுங்கள்.

கேஸ் பானமும் மிலோவும் இதற்கு மாற்று ஆகாது. சர்க்கரை அதிகம், உப்பு போதாது, போக்கு கூடும். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். “வயித்தைக் காயப் போடணும்” என்று பட்டினி போடுவது தலைமுறையாக வரும் பழக்கம். கஞ்சி, இட்லி, பிசைந்த பருப்பு சாதம், பிள்ளை கேட்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். போக்கை நிறுத்தும் மாத்திரை பெரியவர்களுக்கானது, பிள்ளைகளுக்கு ஆகாது. மலத்தில் ரத்தம் கண்டால் டாக்டர்.

கை, கால், வாய்ப்புண் நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாலர் பள்ளியில் ஒன்றுக்கு வந்தால் வரிசையாக வரும். வாய்க்குள் புண், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிறு கொப்புளம். பெரும்பாலும் பத்து நாளைக்குள் சரியாகிவிடும். பிள்ளை குடிக்க மறுப்பதுதான் பிரச்சினை, ஆறிய பாலும் குளிர்ந்த கஞ்சியும் வலியில்லாமல் இறங்கும். ஆனால் 1997இல் சரவாக் மாநிலத்தில் இதே நோய் பரவி, பல சின்னப் பிள்ளைகள் இறந்தார்கள். அதனால் ஒன்றை மறக்காதீர்கள்: தூக்கத்தில் பிள்ளை திரும்பத் திரும்பத் திடுக்கிட்டுத் தூக்கிப்போட்டால், நடை தள்ளாடினால், விடாமல் வாந்தி எடுத்தால் உடனே கிளம்புங்கள். இந்தக் கிருமிக்குக் கை சானிடைசர் அவ்வளவாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான்.

பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலையில் தோட்டத்துப் பழக்கமும் மருத்துவமும் அடிக்கடி மோதிக்கொள்ளும். பிறந்த இரண்டு மூன்றாம் நாளில் நிறையக் குழந்தைகளுக்கு மஞ்சள் வரும், பெரும்பாலும் தானே போகும். அது எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைக் கண்ணால் மட்டும் சொல்லிவிட முடியாது. அதற்காகத்தான் மிசி வீட்டுக்கு வருகிறாள், குதிகாலில் ஊசியால் குத்தி ரத்தம் எடுக்கிறாள். “பச்சைக் குழந்தையைக் குத்துறாங்களே” என்று எத்தனையோ பாட்டிகள் என்னிடம் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். மஞ்சள் அளவுக்கு மீறினால் மூளைக்குள் போய்ப் படியும். அதனால் கெட்ட காதும் கைகாலும் திரும்ப வராது. நீல விளக்கின் கீழ் இரண்டு நாள் படுக்க வைத்தால் தடுத்துவிடலாம்.

வெயிலில் காட்டுவது அந்த விளக்குக்கு ஈடாகாது. குழந்தைக்கு உடம்பு சூடாகி நீர் வற்றும், அதனால் மஞ்சள் இன்னும் கூடும். நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை தாய்ப்பால் கொடுங்கள். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரத்தில், தோலை விரலால் மெல்ல அழுத்தி விட்டுப் பாருங்கள். மஞ்சள் முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும், காலுக்கு வந்துவிட்டால் அளவு அதிகம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும், பால் குடிக்க எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலும் ஆஸ்பத்திரிதான். இரண்டு வாரம் கழித்தும் மஞ்சள் போகவில்லை என்றால் பரிசோதனை வேண்டும். அந்த நேரத்தில் மலம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் ஒரு நாள் கூடத் தள்ளாதீர்கள். பித்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம், அதற்கான அறுவை முதல் இரண்டு மாதத்துக்குள் நடந்தால்தான் பலன் அதிகம்.

இன்னொன்று, அந்துருண்டை. நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி குறைவாக இருப்பதுதான் அது. ஆண் குழந்தைகளுக்கு இது கூடுதலாக வரும். இந்தக் குறைபாடு உள்ள குழந்தை அந்துருண்டை வாடையைச் சுவாசித்தாலே ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் திடீரென்று ஏறும். மூத்த பிள்ளையின் சட்டைகளைப் பத்திரமாக அந்துருண்டை போட்டு எடுத்து வைத்து, தம்பி பிறந்ததும் ஆசையாக எடுத்துப் போட்டுவிடுவது நம் வீடுகளில் வழக்கம். அந்த உருண்டைகளைக் குழந்தை வருமுன்பே தூக்கிப் போட்டுவிடுங்கள், துணிகளைத் துவைத்து வெயிலில் காயவையுங்கள்.

மெதுவாக வரும் குறைகளை வீட்டில் தினமும் பார்க்கும் கண் கவனிக்காது. ரத்தசோகை அப்படித்தான் வரும். பிள்ளையின் உள்ளங்கையை உங்கள் உள்ளங்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கீழிமையை இழுத்துப் பாருங்கள். வெளுப்பாக இருக்கிறதா, மண்ணோ ஐஸ் கட்டியோ தின்கிறதா, விளையாடாமல் ஒதுங்கி உட்காருகிறதா? காரணம் பல சமயம் பால்தான் என்றால் நம்ப மாட்டார்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளை நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடித்தால் வயிறு நிரம்பி, சோறு இறங்காது. பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. டின் பால் என்று வாங்கும் இனிப்பு கிரீமர் பாலே இல்லை. சாப்பாட்டோடு தேத்தண்ணீர் கொடுக்கும் பழக்கம் லயத்துக் காலத்தில் இருந்தே வருகிறது, அது உணவில் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. நெத்திலி, மீன், கோழி ஈரல், முட்டை. சைவம் என்றால் பருப்போடு முருங்கைக்கீரை, கூடவே ஒரு துண்டு கொய்யா. கிளினிக்கில் கொடுத்த இரும்பு சிரப்பை ஒரு மாதம் ஒழுங்காகக் கொடுத்தும் ரத்தம் ஏறவில்லை என்றால், பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடான தலசீமியா இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கிளினிக்கில் கொடுக்கும் பிள்ளையின் பதிவுப் புத்தகத்தில் எடைக்கோடு ஒன்று இருக்கும். ஊசிப் பக்கத்தைப் புரட்டும்போது அதையும் பாருங்கள். மேலே ஏற வேண்டிய கோடு இரண்டு மூன்று தடவையாகப் படுத்தே கிடந்தால் ஏன் என்று மிசியிடம் கேளுங்கள். ஊசிகளைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நிமோனியாவைத் தடுக்கும் ஊசி 2020 டிசம்பர் முதல் அரசாங்கத் திட்டத்தில் இலவசமாகச் சேர்ந்திருக்கிறது. 4, 6, 15 மாதங்களில் போடுவார்கள். தட்டம்மை ஊசி 9 மாதத்திலும் 12 மாதத்திலும். ஊர் மாறி வந்ததால் தவறிப்போயிருந்தால் வெட்கப்பட வேண்டாம், புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனால் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

கைவைத்தியத்தை நான் வெறுப்பவள் அல்ல. என் பாட்டி வைத்த ரசத்தையும் கற்பூரவல்லியையும் குடித்து வளர்ந்தவள்தான். அம்மை போட்ட பிள்ளைக்கு வேப்பிலைப் படுக்கை குளிர்ச்சியாகத்தான் இருக்கும், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அம்மை என்பதற்காக டாக்டரிடம் போகாமல் இருப்பது கெடுதல். பச்சைக் குழந்தை நாக்கில் வசம்பு உரசித் தடவுவது வேண்டாம். மூக்கில் எண்ணெய் விடக் கூடாது, நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஒரு வயது வரை தேன் கூடாது. தோட்டத்தில் பூச்சிமருந்தோ களைமருந்தோ அடிக்கும் அப்பாக்கள் வேலைச் சட்டையோடு பிள்ளையைத் தூக்க வேண்டாம், அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். மிஞ்சிய அந்த மருந்தைப் பான பாட்டிலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவரவே கூடாது.

எங்கே எழுதுவது என்று சொன்னேன் அல்லவா? சுவரில் தொங்கும் பெரிய எண் காலண்டரில். காய்ச்சல் தொடங்கிய நாளின் கட்டத்தில் 1 என்று போடுங்கள், அடுத்த நாள் 2. மருந்து கொடுத்தால் கட்டத்துக்குள் ஒரு கோடும் மணியும். மூத்திரம் பெய்தால் ஒரு வட்டம். வேலை முடிந்து வரும் அம்மா யாரையும் கேட்காமலே பார்த்துக்கொள்வாள்.

தொடக்கத்தில் சொன்ன பாட்டிக்கு இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். அவருக்கு எழுதத் தெரியாது. மறுவருடம் பேத்திக்குக் காய்ச்சல் என்று வந்தார். இடுப்பில் பிள்ளை, கையில் சுருட்டிய காலண்டர் தாள். மூன்று கட்டங்களில் பேனா மையால் கோடுகள், மூன்றாவது கட்டத்தில் வட்டம் இரண்டே இரண்டு. புதிதாக வந்திருந்த மலாய்க்கார டாக்டர் அந்தத் தாளை மேசையில் விரித்துப் பார்த்தார். பாட்டி விரலால் அந்த இரண்டு வட்டத்தைத் தொட்டுக் காட்டி, “கூராங்” என்றார். மலாயில் ‘குறைவு’ என்று அர்த்தம். டாக்டர் உடனே எழுந்து, ட்ரிப் போட வரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.